மடியில் முளைத்த பயறு

அத்தை,

அடுப்பில் பச்சைப்பயறு வறுபட்டுக்கொண்டிருக்கிறது. வாசனை கூடம் வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. உங்கள் பேத்தி தவழ்ந்து வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுகிறாள். அந்த உறிஞ்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் உங்கள் மகனும் வெளியே போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் கதவைத் திறந்த கையோடு எங்கள் இரண்டு பேரையும் மோந்து பார்த்த மூக்கு அது. நீங்கள் பார்க்காத பேத்தியிடம் அது எப்படி வந்து ஒட்டிக்கொண்டதோ.

பயறு எனக்காக இல்லை. உங்கள் பெரிய மகள், என் அண்ணி, தன் புது மருமகளைக் கூட்டிக்கொண்டு இன்று வருகிறார். அமாவாசை. இங்கே வந்து வறுத்த பயறை வாங்கிக்கொண்டு திருப்புட்குழி பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, ராத்திரி நம் வீட்டிலேயே தங்குகிறார்கள். “உன் மடியிலதான் மொளச்சிது. ராசியான கை. நீயே வறுத்து, நீயே அந்தப் பொண்ணு மடியில கட்டி வுட்டுடு” என்று போனில் சொன்னார். அந்த ராசியைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் போன பிறகும் அது என்னை விட்டபாடில்லை.

வறுத்த பயறைத் தாயார் சன்னதியில் வைத்து எடுத்து, வீட்டுக்கு வந்து நனைத்து, துணியில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். விடிந்து பார்த்தால் முளைத்திருக்க வேண்டும். முளைத்துவிட்டால் தாயார் பிள்ளை வரம் கொடுத்தாயிற்று. நம் பக்கத்துப் பெண்கள் காலம் காலமாகச் செய்வது. எனக்குத்தான் பழக்காரர் தராசு முதல் எல்லாவற்றிலும் சந்தேகம். வறுத்த பயறு எப்படி முளைக்கும் என்று கேட்டு உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போது நாம் உத்திரமேரூரில் அந்த வாடகை போர்ஷனில் இருந்தோம். சுவரில் ஆணி அடித்தால் ஹவுஸ் ஓனர் வந்து நிற்பார். பக்கத்து போர்ஷன் பிள்ளை சுவரில் கிறுக்கியதற்காக ஒரு குடும்பத்தையே அவர் காலி பண்ணச் சொன்னதை, கல்யாணமாகி வந்த புதிதில் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே உங்கள் மகனிடம் சொல்லிவிட்டேன்: குழந்தை என்று ஒன்று பிறந்தால் அது கிறுக்குவதற்கு நம்முடைய சுவர் இருக்க வேண்டும். அதுவரைக்கும் வேண்டாம். அவரும் சரி என்றார். இது எங்கள் இரண்டு பேருக்குள் நடந்த ஒப்பந்தம். மூன்றாவது ஆளாக ஒரே கூரைக்குக் கீழே இருந்த உங்களுக்குச் சொல்லவில்லை.

என் கம்பெனிச் சம்பளத்தைத் தொடுவதில்லை, அது அப்படியே மனை வாங்க. வாலாஜாபாத்தில் மெக்கானிக் கடையில் அவர் வாங்கும் சம்பளம் வீட்டுக்கு. என் ஓவர்டைம் காசு மட்டும் ஊர் சுற்ற. “அந்தக் காசு வூட்டுக்குள்ளயே நொழையக் கூடாது. நொழஞ்சா அரிசியாப் பூடும்” என்பார் அவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் சினிமா, பிரியாணி. சில மாதம் மகாபலிபுரம் வரைக்கும் போய்க் கடலில் நின்றுவிட்டு வருவோம். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் மற்ற நாட்களில் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டேன். சேர்க்கிறோம் சேர்க்கிறோம் என்று முகம் வற்றிப்போன ஜோடிகளை அந்த பஸ்ஸிலேயே பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கோ சேர்ப்பது என்றாலே சந்தேகம். இளவயதில் நீங்கள் தீபாவளிச் சீட்டுக் கட்டி, சீட்டுப் பிடித்தவன் ஊரைவிட்டு ஓடியதில் ஆரம்பித்தது. பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று நான் சொன்னதும், “உன் காச அவன் ஏன் வெச்சிக்கினு கீறான்? நீ கேட்டியா?” என்றீர்கள். போஸ்ட் ஆபீஸ் என்றேன். “அது மட்டும் எங்க பூடும்னு இன்னா நிச்சயம்?” என்றீர்கள். சேர்ப்பதிலும் நம்பிக்கை இல்லை, செலவழிப்பதும் பிடிக்காது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் திருப்புட்குழி என்று பெயர் வைத்தோம். பிள்ளை வரம் கேட்கப் போகிறோம் என்றால் எந்த மாமியார் தடுப்பார்? திரும்பும்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மாவிடம் துளசியும் குங்குமமும் வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொள்வோம்.

நீங்களா நம்புகிற ஆள்? “துளசி வாசன வரல, பட்ட லவங்கம் வருது” என்று ஆரம்பித்தீர்கள். ஒரு நாள் அவரைக் கொல்லைப்பக்கம் வைத்தும் என்னை அடுப்பங்கரையில் வைத்தும் தனித்தனியாக விசாரித்தீர்கள். தாயார் என்ன கலர் புடவை கட்டியிருந்தார் என்று கேட்டதற்கு அவர் பச்சை என்றாராம், நான் சிவப்பு என்றேன். இரண்டு பேரையும் எதிரில் நிற்க வைத்ததும் அவர், “பச்ச பார்டர் போட்ட செவப்புமா” என்றார். நீங்கள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்குத்தான போனீங்க?” என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்கு மேல் ஒன்றும் கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணி வேறு வந்துபோகும்போதெல்லாம் தொடங்கிவிடுவார். காஞ்சிபுரத்தில் டாக்டரம்மாவைப் பார், எங்கே குறை என்று தெரிந்துகொள், இல்லாவிட்டால் தம்பிக்கு வேறு வழி பார்க்கலாம் என்று என் காதுபடவே சொல்வார். நீங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லாம் உங்கள் தூண்டுதல்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அந்த வாரம்தான் என் யூனிபாரத்தைத் துவைக்க எடுத்தீர்கள். கம்பெனி அடையாள அட்டை வைக்கும் பையை அதிலிருந்து எடுத்து அலமாரியின் மேல் வைத்திருந்தீர்கள். அட்டைக்குப் பின்னால்தான் நான் குழந்தை தள்ளிப்போடும் மாத்திரைகளை வைத்திருந்தேன், ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கொடுத்தவை. எல்லாம் இருந்தன, ஆனால் நான் வைத்த பக்கம் இல்லை, திரும்பியிருந்தன. நீங்கள் கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டே, “அந்தப் பைய உள்ள வெச்சிக்கோ. பெரியவ வந்து நோண்டிக்கினு இருப்பா” என்றீர்கள். பார்த்தீர்களா, பார்க்கவில்லையா என்று உங்கள் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த அமாவாசைக்கு, “நானும் வரேன் திருப்புட்குழிக்கு” என்று கிளம்பிவிட்டீர்கள். எங்களால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கிளம்புகிற அன்று காலையில் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பயறை வறுத்தீர்கள். “நல்லா பாத்துக்கோ. அப்பறம் பேச்சு வரக் கூடாது” என்றீர்கள். பழுப்பாகி வெடிக்கிற வரைக்கும் விடவில்லை. அப்போது கிரைண்டருக்குப் பின்னால் ஒரு டம்ளர் தட்டுப் போட்டு மூடியிருந்தது. என்ன என்று கேட்டேன். “வெந்தயம். சுகருக்கு ஊறப்போட்டு கீறேன்” என்றீர்கள். சுகர் இருந்தது உண்மைதான். நீங்கள் சொன்னதில் நான் மறுபேச்சில்லாமல் நம்பிய ஒரே விஷயம் அந்த வெந்தயம்.

கோயிலில் தாயார் அன்று மாம்பழ மஞ்சளில் புடவை கட்டியிருந்தார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் பயறை நனைத்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று மஞ்சள் துணியில் முடிந்து, நீங்களே என் மடியில் கட்டிவிட்டீர்கள். காலையில் அவிழ்த்தால் முளைத்திருந்தது. பழுப்புப் பயறுகளுக்கு நடுவே பச்சையாகச் சில, வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டு. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் உங்களைப் பார்த்தேன்.

“அத்தே, பயற மாத்தினீங்களா?”

“நீ கோயிலுக்குப் போனியா?” என்று கேட்டீர்கள்.

நீங்கள் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு போய்த் தெரு முழுக்கக் காட்டினீர்கள். ஹவுஸ் ஓனர் சம்சாரத்துக்குக்கூடக் காட்டினீர்கள். எனக்கு அப்படிக் கோபம் வந்தது! இனிமேல் நான் மாத்திரை போட்டால் தாயாருக்கே துரோகம் செய்தவள் ஆவேன், அதற்காகத்தான் ஊரைச் சாட்சிக்கு வைத்து என்னைக் கட்டிப்போடுகிறீர்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் உங்களோடு சரியாகப் பேசவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது நீங்களும் புடவை மாற்றிக்கொண்டு நின்றீர்கள். காஞ்சிபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், “எந்தக் கடையிலடா துன்னுவீங்க? அங்கியே போ” என்றீர்கள். பிரியாணியில் கறியை விரலால் புரட்டி, “ஆடுதானா? கேட்டுக்கினியா?” என்று சர்வரையும் சந்தேகப்பட்டுவிட்டு, இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. திரும்பும்போது பூக்காரம்மாவிடம் நீங்களே துளசி வாங்கினீர்கள். “பக்கத்து போர்ஷன்ல கேட்டா திருப்புட்குழின்னு சொல்லு” என்று எனக்கே சொல்லிக்கொடுத்தீர்கள். அப்புறம் மாதா மாதம் மூன்று பேராகப் போனோம். கடலில் முட்டி வரைக்கும் இறங்கி நின்று, உள்ளே இழுக்குது, இதுல ஏதோ கீது என்று என் கையை நெரித்தீர்களே, அந்த வலி நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பழையசீவரம் போகிற வழியில் மனை வாங்கினோம். பத்திரம் நிஜமா என்று யார் யாரிடமோ காட்டி விசாரித்தீர்கள். கடைக்கால் போட்டபோது ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்தீர்கள். சுவர் எழும்புவதற்குள் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் கொஞ்ச நாள், வீடு முடிந்துவிடும், அப்புறம் பேரப்பிள்ளைதான் என்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நீங்கள் எதிர்க் கட்டிலில் யாரோ வைத்திருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பேச்சை மாற்ற மறுபடியும் கேட்டேன், பயறை மாற்றினீர்களா என்று. “நீ மொதல்ல கோயிலுக்குப் போனியா, அதச் சொல்லு” என்று சிரித்தீர்கள். நான் சொல்லவில்லை. நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

போன வாரம் அண்ணி தன் மருமகளோடு வந்திருந்தார். வழக்கம்போல உங்களைப் பற்றிய புகார்தான். “அன்னிக்கு ஒனக்குப் பயறு மொளச்சதுலேந்து எங்கள வாயத் தொறக்க வுட்டாங்களா எங்கம்மா? டாக்டர்னு சொன்னா சண்ட. ‘தாயார் குடுத்தாச்சு, எப்ப வரணும்னு அதுக்குத் தெரியும், நடுவுல நீ யாரு’ன்னு வெரட்டுவாங்க. தம்பிகிட்டகூட ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னுட்டாங்க.” நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உண்மைதான். அந்தக் காலைக்கு அப்புறம் தெருவில் ஒருத்தரும் என்னிடம் விசேஷம் உண்டா என்று கேட்கவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அண்ணி கொல்லைப்பக்கம் போனதும் அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் கம்பெனிக்குத்தான் போகிறாள். “அத்தே, எங்களுக்கு இப்ப வேணாம். ரெண்டு பேரும் கொஞ்சம் சேத்துக்கினு, கொஞ்சம் ஊரு சுத்திக்கினு… எங்க மாமியார்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல” என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். “மொளைக்கலன்னா என்னிய டாக்டர்கிட்ட இழுத்துக்கினு போவாங்க.”

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பயறு விடிகாலையில் முளைவிட வேண்டுமானால் முந்தின நாள் காலையிலேயே கிரைண்டருக்குப் பின்னால் ஊறியிருக்க வேண்டும். அப்படியானால் கோயிலுக்குக் கிளம்புமுன்பே நீங்கள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டீர்கள். மாத்திரையைப் பார்த்தீர்கள், புரிந்துகொண்டீர்கள், எங்களுக்கு யாரும் தொந்தரவு கொடுக்காத நாட்களைச் சம்பாதித்துக் கொடுத்தீர்கள். அந்த நாட்களில்தான் வீடு வந்தது. அந்த நாட்கள் உங்களுடையவை அத்தை. உங்கள் பேத்தியைத் தூக்கியிருக்க வேண்டிய நாட்கள் அவை, அது தெரிந்தேதான் கொடுத்தீர்கள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. உடனே, இல்லை, இவர் சும்மா பயறு முளைத்தால் பேரப்பிள்ளை சீக்கிரம் வரும் என்றுதான் செய்திருப்பார் என்றும் தோன்றுகிறது. நம் இரண்டு பேரில் யார் சந்தேகத்தை விட்டோம்?

பயறு பழுப்பாகி வெடிக்கத் தொடங்கிவிட்டது. வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம், அண்ணியின் குரல் கேட்கிறது. உங்கள் மகன் சமையலறைக்குள் வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, அப்படியே கிரைண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“இன்னாது, டம்ளர மூடி வெச்சிக்கினு கீற?”

“வெந்தயம்” என்றேன்.