வேலப்பன் வைத்த வாசக்கால்

திருவொற்றியூர்
9.6.2002

மித்ராவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தை மித்ரா கேட்கச் சொன்னாள். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. எஸ்.டி.டி. பூத்காரர் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் இன்லேண்ட் லெட்டர்.

வீட்டில் வேலை ஆரம்பித்துவிட்டேன். அப்பா கட்டிய சுவர்கள் அப்படியே இருக்கும், தரையைத்தான் உயர்த்துகிறோம். கண்டெய்னர் லாரிகளுக்காக ரோட்டின் மேல் ரோடாகப் போட்டு, ஒரு காலத்தில் படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது படி இறங்கிப் போகிறோம். போன நவம்பர் மழையில் சமையலறையில் முழங்கால் தண்ணீர் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. “இந்தப் பள்ளத்த வித்துட்டு மாத்தூர் போலாம். இல்லாங்காட்டி உங்கப்பன் வூட்ட நீயே கட்டிகினு அழு” என்று கத்திவிட்டு, தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள். அழுது முடித்தாயிற்று. இப்போது பால்வாடி வேலை முடிந்து வந்ததும், கொத்தனார் லூர்துவுக்கு நானே சட்டி சுமக்கிறேன்.

இப்படிக்கு,
சொக்கம்மாள்


தூத்துக்குடி
2.7.2002

அன்புள்ள சொக்குவுக்கு,

அன்பரசன் எழுதுவது. நீ சட்டி சுமக்கும் கோலத்தை நினைத்துப் பார்த்தேன். லூர்துதான் பாவம்.

நான் ஓர் ஆணி அடிக்கப் போனாலே, “எங்கப்பா பூசின சொவுரு” என்று சுத்தியலைப் பிடுங்குவாய். இப்போது தரையையே உயர்த்துகிறாய். நல்லதுதான். நான் அங்கே இருக்கும்போதே செய்திருக்கலாம் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

தரை உயர்ந்தால் வாசக்காலையும் பெயர்த்து மேலே வைக்க வேண்டும், லூர்துவிடம் மறக்காமல் சொல். உன் அப்பா வேலப்பன் ஐந்தடி ஆள். தன் அளவுக்கு வாசக்கால் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாள் முழுக்க ஹார்பர் கிரேன் உச்சியில் உட்கார்ந்து ஓட்டிவிட்டு வருகிற நெட்டையன், பதினான்கு வருடம் அதில் நெற்றியை இடித்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் குள்ளம், உங்களுக்கு அது போதும். எனக்கு இனி எதற்கு?

என் கட்டில் எங்கே கிடக்கிறது?

அன்புடன்,
அன்பரசன்


திருவொற்றியூர்
15.9.2002

மித்ராவின் அப்பாவுக்கு,

பெயிண்ட் வரைக்கும் வந்தாயிற்று. நேரில் வராத மனிதருக்குக் கடிதத்தில்தான் வீட்டைச் சுற்றிக் காட்ட முடியும். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

இது ஹால். மாதவரத்தில் ஒரு கோடவுனில் கழித்துப் போட்ட உடைந்த டைல்ஸை மூட்டை கட்டி எடுத்து வந்து, நானும் மித்ராவும் ஒட்டிய தரை. நடுவில் ஒரு தாமரை. பக்கத்து வீட்டு ஜெரினா பார்த்துவிட்டு, “இன்னாக்கா, முட்டகோசு சூப்பரா கீது” என்றாள். மேலே சுவரில் புத்தர் படம் இருப்பதால் தாமரைதான் என்று சாதித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து சமையலறை. பழைய கப்பல் சாமான் விற்கும் மஜீது பாய் கடையில் பித்தளை விளிம்பு போட்ட வட்ட ஜன்னல் ஒன்று கிடைத்தது. அதை அடுப்புக்கு நேராகப் பதித்தோம். எட்டிப் பார்த்தால் கடல் தெரியாது, எதிர்வீட்டு தண்ணீர் டேங்க்தான் தெரியும். இருந்தாலும் கப்பல் ஜன்னல் இல்லையா, குழம்பு கொதிக்கும்போது ஒரு கெத்தாகத்தான் இருக்கிறது.

மித்ராவின் அறைக்கு நீலம் அடித்து, சுவர் முழுக்க அவளே மீன் வரைந்திருக்கிறாள். எல்லாமே சாம்பல் நிறம். கேட்டால், “எண்ணூர் சாம்பல்ல வளர்ந்த மீனுமா, அப்டித்தான் இருக்கும்” என்கிறாள்.

வீடு எனக்கே புதிதாக இருக்கிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

சொக்கம்மாள்


தூத்துக்குடி
6.10.2002

அன்புள்ள சொக்குவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீடு அழகாக இருக்கும் போலிருக்கிறது. முட்டைகோஸையும் பார்க்க ஆசைதான்.

ஹால், சமையலறை, மித்ரா அறை, டேங்க் வரைக்கும் காட்டினாய். என் கட்டில் எங்கும் வரவில்லை. கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. நான் இல்லாமலே வீடு நிறைந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். கோபத்தில் எழுதவில்லை, வலிக்கிறது.

கம்பெனியில் என்னை இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். குவார்ட்டர்ஸும் தருகிறார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடட்டுமா?

அன்பரசன்


திருவொற்றியூர்
20.10.2002

அன்புள்ள மித்ரா அப்பாவுக்கு,

முந்தாநாள் நல்ல மழை. ரோடெல்லாம் தண்ணீர். நம் வாசல் படியில் பாதி ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மித்ரா படியில் உட்கார்ந்து அதற்கு டாட்டா காட்டினாள்.

கட்டில் ஹாலில்தான் இருக்கிறது. அதன் மேல் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கியிருந்தேன், அதனால் காட்டவில்லை. காட்டாத இன்னொன்றும் உண்டு. வாசலைக் காட்டாமலே உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். ரோஷம். நீங்களாக வந்து பார்க்கட்டும் என்றிருந்தேன்.

லூர்து சொன்னார், “பழைய வாசக்கால் தேக்குக்கா. அத்தயே தூக்கி வெச்சிக்கலாம். நீயே இம்மாங்காண்டு, பாப்பா உன் தோளு வரிக்கும் கீது. இந்த வூட்ல இன்னும் ஒசரம் யாருக்கு ஓணும்?”

“கேக்காத லூர்து. நான் சொல்ற அளவுக்குப் புதுசு செஞ்சி வையி” என்றேன்.

நீங்கள் சுவரில் சாய்ந்து நின்று பேப்பர் படிப்பீர்களே, அங்கே உங்கள் தலை எண்ணெய்க் கறை இருந்தது. அதை அளந்து, அதற்கு மேலும் ஒரு சாண் விட்டுச் சொன்னேன். அளந்தது இப்போது இல்லை. ஜூன் மாதம், தரையில் ஒரு கல்கூடப் போடுவதற்கு முன்னால்.

அப்பா வைத்ததைப் பெயர்த்து எடுத்தபோது அழுதேன். ஆனால் பதினான்கு வருடம் உங்களை இடித்ததும் அதுதானே. இப்போது அந்தத் தேக்கு மித்ராவின் புத்தக அலமாரி ஆகிவிட்டது.

கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள். சுவருக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறது. எண்ணெய்த் தலையோடு சாய்ந்தால் சண்டை நிச்சயம்.

உங்கள்
சொக்கு


தூத்துக்குடி
27.10.2002

அன்புள்ள சொக்குவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதியிருந்தாய். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. சென்னைக்கே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன், ஞாயிறு காலையில் வீட்டில் இருப்பேன்.

ஒன்று மட்டும் செய். அந்த வாசலில் குனிந்தே பழகிய உடம்பு இது. நான் வரும்போது நீ படியில் நின்று, நிமிர்ந்து வரச் சொல்.

உன்
அன்பரசன்