1931க்குப் பிறகு வந்த கடிதங்கள்

பத்தாங் பெர்ஜுந்தாய்
14.8.1983

அன்புள்ள சௌந்தரவல்லிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பதறாதே. கோபுர வேலையில் சாரத்திலிருந்து சறுக்கி, வலது கையில் சின்னக் கட்டு. நான் சொல்லச் சொல்ல, கோயில் செயலாளர் எழுதுகிறார்.

அம்மா கேட்டபடி, அவருடைய அப்பா இங்கே வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். ஜப்பான்காரன் சண்டையில் செத்திருப்பார் என்றுதானே நினைத்திருந்தோம்? ஆஸ்பத்திரி மரணப் பதிவேட்டில் ஊரும் தகப்பன் பெயரும் அப்படியே இருக்கின்றன. 1931 மார்ச் 9, மலேரியா. கப்பல் இறங்கிய ஐந்தாம் மாதம்.

அப்படியானால் 1941 வரை அவர் பெயரில் வந்து, அம்மா பெட்டியில் வைத்திருக்கும் கடிதங்கள்? அந்தத் தோட்டத்தின் பழைய கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா, வைரவநாதன் பக்கத்தில் அசாம் ஜாவா என்ற ஊரில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். எழுதத் தெரியாத தொழிலாளர்களுக்கெல்லாம் அவர்தான் கடிதம் எழுதிக் கொடுத்தவர்.

"சாவை எழுத மனம் வரேல்லை, தம்பி. அங்கையிருந்து காயிதம் வந்துகொண்டே இருந்தது. நானும் பதில் போட்டுக்கொண்டு இருந்தன்" என்றார்.

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டுப் போட்ட கையோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் பதிவேடு கிடைக்கவில்லை என்று சொல். அவர் போன நாள் வரும் மாசிக் கடைசியில் ஏதாவது சாக்குச் சொல்லிப் படையல் போட்டுவிடு. வைத்தியரிடம் முறிவெண்ணெய் இரண்டு புட்டி வாங்கி அனுப்பு. மகளை அவள் கையாலேயே நாலு வரி எழுதச் சொல். செயலாளர் கிளம்ப வேண்டுமாம்.

கீழே கோணலாக இருப்பது நான் இடது கையால் போட்ட கையெழுத்து. அது இல்லாமல் கடிதம் வந்தால் நம்பாதே.

ஆவுடையப்பன்