அரை அங்குலம்

மச்சான்,

நாளைக்கு உன்னுடைய முப்பத்தோராம் நாள் திருப்பலி. உன் பெடல் ஸ்டீல் கிற்றாரை வாசிக்க வவுனியாவிலிருந்து ஒரு சங்கீத ரீச்சர் இன்று காலை வந்திருந்தார். செருப்பைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். பெடலில் காலை வைத்தார், முழங்காலை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணை, எனக்கு இது உயரமாக் கிடக்கு. ஒரு அரை அங்குலம் பதிச்சுத் தருவியளோ?" என்று கேட்டார்.

நீ கேட்டதும் அதே அரை அங்குலம்தான். அதைக் கேட்ட நேரத்திலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தைத் தொடங்கியே மூன்று தரம் எழும்பிவிட்டேன்.

கனடாவிலிருந்து உன் தம்பி பழசாக வாங்கி அனுப்பிய பெட்டியைத் தர்மபுரத்தில் என் சைக்கிள் கடைக்குள் வைத்துத்தானே பிரித்தோம். மேசை மாதிரி நாலு கால், கீழே பெடல்கள், முழங்காலால் தள்ள இரண்டு பக்கமும் பிடிகள். "டேய், இது கிற்றாரோ தையல் மெசினோ?" என்று நான் கேட்க, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் இடது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். அதைப் பெடலில் வைத்துவிட்டு, "மிதிச்சது காலுக்குத் தெரியாது மச்சான், காதுக்குத்தான் தெரியும்" என்றாய்.

அன்று பின்னேரம் முழுக்க உன்னை இருத்தி உயரம் பார்த்தோம். எல்லாம் அச்சொட்டாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நீ வெறுங்காலோடு இருந்தபோதுதான் தெரிந்தது, கடையில் நீ செருப்போடு இருந்திருக்கிறாய். அந்தச் செருப்பின் தடிப்புக்கு முழங்கால் கீழே போய்விட, பிடி எட்டவில்லை. கோயிலுக்குள் செருப்புப் போடுவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்த நாளிலிருந்து தெரியும். அளக்கும்போது ஒருத்தனுக்கும் யோசனை வரவில்லை.

கிற்றாரைப் பதித்தால் பெடலிலிருந்து மேலே போகும் கம்பிகளும் கட்டையாக வேண்டும். அவற்றின் திருகுப் புரி துருவேறி இறுகிக் கிடந்தது. நான் சைக்கிள் சில்லுக் கம்பிகளை வெட்டி மாட்டினேன். நல்லாய்த்தான் இருந்தது, உயிர்த்த ஞாயிறு வரைக்கும். அன்று பாட்டின் நடுவில் நான் மாட்டிய கம்பி ஒன்று அறுந்து, கிற்றார் பூனை மாதிரிக் கத்தியது. பின்வரிசை வாங்கில் யாரோ, "சைக்கிள் கடைக்காரன்ர வேலையெல்லோ" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அடுத்த நாளே எல்லாவற்றையும் கழற்றி, பழைய கம்பிகளைப் போட்டு, பழைய உயரத்துக்கே ஏற்றிவிட்டேன். "ஒரிஜினல் சாமான் கனடாவில இருந்து வரட்டும். அதுவரைக்கும் கை வைக்க மாட்டன்" என்றேன்.

"எனக்கு ஒரிஜினல் வேண்டாமடாப்பா, கம்பியையே போட்டு விடு. இடுப்பை இழுத்து இழுத்து வாசிக்கிறன், பொய்க்காலுக்குள்ள முண்டுக்கால் உரஞ்சிப் புண்ணாப் போச்சு" என்றாய். நான் "வாற கிழமை பாப்பம்" என்றேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் நீ வாசித்தாய். கண்டாவளை வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ விழுந்த கிழமையும் வாசித்தாய். சாமான் இன்னும் வரவில்லை.

இன்று ரீச்சரிடம் "வாற கிழமை" என்று சொல்ல முடியாதே. கடைக்கு ஓடினேன். மோட்டார் சைக்கிள் சில்லுக் கம்பி கண்ணில் பட்டது. தடிப்பானது, லேசில் அறாது. அது எப்போதும் அங்கேதான் கிடந்தது, மச்சான். வெட்டி, புரி போட்டு, நுனியை வளைத்து, கோயிலுக்குக் கொண்டுபோய் மாட்டி, நாலு காலையும் பதித்தேன். இந்தமுறை முதலில் என் செருப்பைக் கழற்றிவிட்டு நானே இருந்து பார்த்தேன்.

ரீச்சர் ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். முழங்கால் அலுங்காமல் பிடியைத் தொட்டது. நீ இப்படி நோகாமல் வாசித்ததை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். எனக்கு அழுகை வந்தது.

"இப்ப சரியாக் கிடக்கு அண்ணை. கன நேரம் மினக்கெட்டுப் போனியளோ?" என்று கேட்டார்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். உண்மைதான். ஒன்றரை மணித்தியாலம். என் வீம்புக்காக உன்னை ஏழு மாதம் நோக வைத்த வேலை, ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.