வால்யூம் கன்ட்ரோலைத் துடைத்தேன்

நாள் 61, காலை 7:10
நிலவின் மறுபக்க நிலையம். எழுதுபவன் தேவசகாயம், ஒலியியல். இங்கே நான் ஒருவன்தான். மீட்புக் கலம் வர ஒரு மாதம் ஆகும். பொழுதுபோக்காகக் கட்டிய ஒலிபெருக்கி வேலை செய்கிறது. மைக், ஆக்சிஜன் கிடங்கின் குழாயில். பழைய ரேடியோவில் அலைவரிசை மாற்றும் கேங் கண்டன்சரைத் திருப்பினால் காற்றுப் பம்பின் முனகல் அடங்கி, மெல்லிய ஒலிகள் எழுகின்றன. இன்று ஒரு சீறல். என் சுற்றின் குறையாகவே இருக்கும்.

நாள் 62, காலை 9:00
பூமியில் உள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து பொறியாளர் ரேணுப்ரியா: "சார், கிடங்கு சென்சார் பச்சைலதான் இருக்கு. உங்க பொம்மைதான் கரகரங்குது. வால்யூம் கன்ட்ரோல்ல தூசி, தொடைங்க."
பின்னால் ஒரு குரல்: "பாட்டு வருதான்னு கேளுடி!" சிரிப்பு.

நாள் 66, மாலை 4:20
கன்ட்ரோலின் கார்பன் தடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன். சீறல் குறைந்தது. அவர்கள் சொன்னது சரி. முனைவர் பட்டம் வாங்கியவனுக்குத் தூசி தெரியவில்லை.

நாள் 70, காலை 8:00
இன்று துடைக்கவில்லை. ஆனாலும் சீறல் இன்னும் குறைந்திருக்கிறது. மைக்கைக் கழற்றி, அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்தேன். முழு அமைதி. சுற்றில் குறையில்லை, சீறல் குழாயிலிருந்து வருகிறது. ஒருவேளை கசிவோ என்று எழுதி, கிடங்கின் கதவைத் திறக்க அனுமதி கேட்டேன்.
பதில்: "ஒருவேளைன்னு சொன்னா எப்படி சார்? உறுதியாத் தெரிஞ்சா சொல்லுங்க. தூசிக்கெல்லாம் ஃபைல் போட முடியாது."
அவளைக் குறை சொல்ல முடியாது. நானே என்னை நம்பவில்லை.

நாள் 74, காலை 7:30
சீறல் இல்லை. கன்ட்ரோலை முழுதும் ஏற்றினேன். கண்டன்சரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினேன். பம்பு மட்டும்.
ரேணுப்ரியா: "பாத்தீங்களா? தொடச்சதும் நின்னுடுச்சு. இதுக்கா சார் இவ்ளோ பயந்தீங்க!"

நாள் 74, காலை 8:05
கிடங்குக் கதவின் நெம்புகோலை இழுத்துத் திறந்தேன். வெளிச்சுவரைத் துளைத்துப் போகும் குழாயில், வால்வுக்கு முன்பே, விரிசல்; ஆக்சிஜன் எல்லாம் வெளியே போயிருக்கிறது. ஆக்சிஜன் உருளைகளின் அழுத்தமானி முட்கள் எல்லாம் பூஜ்யத்தில் கிடக்கின்றன. சென்சார் இப்போதும் பச்சை. அந்த முட்டாள் கருவி, வால்வு மூடியிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. வால்வு மூடித்தான் இருக்கிறது.
அறையில் மிஞ்சியது நான்கு நாள் காற்று. கலம் அதற்குள் வராது.
நெம்புகோல் என் கட்டிலருகேதான் இருந்தது. விரிசலை அடைக்கும் பசையும் இருந்தது. படித்த கோழை, அனுமதி கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
மையத்துக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். முதல் வரி தானாக வந்தது: "அனுமதியின்றிக் கதவைத் திறந்ததற்கு மன்னிக்கவும்."
அழித்தேன். மறுபடியும் அதே வரிதான் வந்தது.