வாயுவா, திரவமா?

மார்ச் 4
ஃபிரிட்ஜ் மெக்கானிக் தேர்வில் கோட்டை விட்டேன். செய்முறையில் ஒரு குறையும் இல்லை. "குளிர்விக்கிற வாயு ஒரு சுற்றில் எப்படியெல்லாம் மாறுகிறது?" என்று வாய்மொழியாகக் கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த வயசில் இதெல்லாம் தேவையா? அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்பு. அதுவும் போனால் சர்வீஸ் சென்டர் வேலை கிடையாது.

மார்ச் 7
என் வீட்டுக்காரர் முடிவெட்டும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தனக்குச் சொல்லித்தரச் சொன்னார். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வாயு குளிரைக் கொண்டுவந்து உள்ள கொட்டுது" என்கிறார். குளிரை யாரும் கொண்டுவருவதில்லை! உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே விடுகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 12
வீட்டு ஃபிரிட்ஜின் பின்குழாய் சுடுகிறதாம், ரிப்பேராம் என்கிறார். கம்ப்ரசர் அழுத்துவதால் வாயு சூடேறித்தான் வரும், அந்தக் குழாயில்தான் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகும் என்று கத்தினேன்.

மார்ச் 13
கத்தியிருக்க வேண்டாம். பாவம்.

மார்ச் 20
"அந்தத் திரவம் அப்படியே கம்ப்ரசருக்குத் திரும்பிடும், இல்ல?" என்று இன்றைக்குக் கேட்கிறார் — திரும்பினால் கம்ப்ரசர் காலி! மெல்லிய குழாயைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து சில்லென்று ஆகணும், பாலிலும் காய்கறியிலும் இருக்கிற சூட்டை வாங்கிக் கொதிக்கணும், மறுபடி வாயுவாகித்தான் திரும்பணும். மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினேன். அவர் அடுப்பைக் கவனித்தார்.

ஏப்ரல் 9
அதே தேர்வாளர், அதே கேள்வி. எதிரே என் வீட்டுக்காரர் உட்கார்ந்து தப்புத் தப்பாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். வந்ததே கோபம் — கடகடவென்று கொட்டிவிட்டேன். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா" என்றார் தேர்வாளர். பாஸ்.

ஏப்ரல் 10
மகள் போனில் போட்டு உடைத்துவிட்டாள். முதல் நாள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும், இவர் என் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தாராம். அதற்கப்புறம் சொன்ன தப்பெல்லாம் வேண்டுமென்றே. "உங்கம்மாவுக்குக் கோபம் வந்தா தயக்கம் ஓடிடும்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.
நேரில் கேட்டேன். காது மடல் சிவந்துபோய், "குளிரைக் கொட்டுறது மட்டும் நெஜமாவே தெரியாமச் சொன்னது" என்றார்.
இந்த மனுஷனை என்ன செய்ய?

ஏப்ரல் 21
வேலையில் முதல் நாள். ரொட்டிக்கடைக் குளிர்பெட்டி. பின்குழாயின் மேல் மாவுத்தூசி அப்பி, சூடு வெளியேற வழியில்லை. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது.
இவர் சாப்பிடாமல் காத்திருந்தார். என்ன பழுது என்று கேட்டார். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். சோறு ஆறிப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.