முட்டியை மடக்கி எடுத்த படம்

சனிக்கிழமை, இரவு

கல்லூரிக்காக நான் ஆடிய கடைசிக் கூடைப்பந்து ஆட்டம் இன்று பீளமேட்டில் முடிந்தது. நான்கு வருடமும் நான்தான் சென்டர். வளையத்தின் கீழே நின்று எம்புவதே வேலை. சிறந்த ஆட்டக்காரி என்று கோப்பையும் கொடுத்தார்கள். ஆனால் தூங்கவிடாமல் செய்வது கோப்பை இல்லை, அதோடு எடுத்த படம்.

வளையத்துக்குக் கீழே அணியோடு வரிசையாக நின்றேன். செல்போனோடு அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"கொடுமுடி மாப்பிள்ளை ஊட்டுக்கு இதத்தான் அனுப்போணும். பையன் உன்னையவிடக் குட்டைங்கறாங்க. கொஞ்சம் முட்டிய மடக்கி நில்லு கண்ணு."

மடக்கினேன். மடக்கிய பிறகு என் முட்டிக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். வராத பந்துக்கு எம்பிவிட்டேன்.

படத்தில் எல்லோரும் தரையில் நிற்கிறார்கள். நான் மட்டும் அந்தரத்தில். கையிலிருந்த கோப்பை வலையைத் தொடுகிறது.

வீட்டுக்கு வந்தபின் அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பறக்கறாப்பல இருக்குது சாமி" என்றாள். அதையே அனுப்பியும் விட்டாள்.

இன்னும் பதில் வரவில்லை. கண்ணை மூடினால், எம்பியது நினைவிருக்கிறது. இறங்கியதுதான் நினைவில் இல்லை.