பத்தொன்பதாம் எண்ணின் மதியத் தூக்கம்

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை உன் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நீ மேடையில் பேசுவதைக் கேட்க அவன் வருகிறான் அல்லவா, நீ மேடை ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும். போனில் மூன்று முறை சொல்லப் பார்த்தேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போன வாரம் எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய்! இருபது வருஷமாக இதயத்துக்குப் போகும் நரம்பையே ஆராய்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றாய். வயதானவர்கள் இடுப்பில் இதயத் துடிப்பைப் பதியும் பெட்டி கட்டி, பல ஆஸ்பத்திரிகளிலிருந்து உனக்கு அனுப்பிய பதிவுகளில் ஒன்று. ஆள் பெயர் உனக்குத் தெரியாது, எண் மட்டும்தான். "பாட்டி, பத்தொன்பதாம் நம்பர் மதியம் தூங்குறாங்க, ஆனா அவங்க இதயம் வேலைக்குப் போயிட்டு வருது! வயசானா தூக்கத்துல நரம்பு பிடியை விட்டுடுமோ என்னவோ" என்றாய். வெள்ளிக்கிழமை அதைத்தான் முதலில் காட்டப்போவதாகவும் சொன்னாய்.

கண்ணே, அந்தப் பத்தொன்பது நான்தான்.

இங்கே ஆஸ்பத்திரியில் அதற்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சத்தம் காட்டாமல் போய்ப் பேர் கொடுத்தேன். பேத்தியின் ஆராய்ச்சியில் பாட்டியும் ஒரு ஓரமாக இருக்கட்டும் என்று ஆசை. பன்னிரண்டு நாள் பெட்டி கட்டியிருந்தேன். மணிக்கு மணி என்ன செய்தேன் என்று எழுத நர்ஸ் ஒரு நோட்டு கொடுத்தாள். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எல்லாம் ஒழுங்காக எழுதினேன். இரண்டிலிருந்து நான்கு மணி வரை மட்டும் பொய். தூக்கம் என்று எழுதிவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. இந்த வயதில் தைக்கக் கூடாது என்று மெஷின் பெல்ட்டைக் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டான். நான் பழைய கைப்பையின் வாரை வெட்டிப் பெல்ட்டாகப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வந்ததும் நோட்டை எடுத்து வாத்தியார் மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறான். உண்மையை எழுதியிருந்தால் மெஷினே வீட்டை விட்டுப் போயிருக்கும்.

தைத்தது உன் பெட்டிக்குத்தான். அதன் விளிம்பு இடுப்பில் அறுக்கிறது. மெத்தென்று ஒரு பை தைத்தேன். அப்புறம் பெட்டி கட்டிய மற்றவர்களுக்கும் தைத்துக் கொடுத்தேன். "நோட்டுல தூக்கம்னு இருக்கு, தினம் ரெண்டு பை வருது. கனவுல தைக்கிறீங்களா பாட்டி?" என்று நர்ஸ் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஒன்று சொல்லட்டுமா? நீ போனில் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யார் என்று தெரியாமல், முகம் பார்க்காமல், எங்கேயோ உட்கார்ந்து வெறும் கோடுகளைப் பார்த்து இந்த இதயம் வேலை பார்க்கிறது என்று சொல்லிவிட்டாயே! பெற்ற பிள்ளை கண்ணிலேயே மண்ணைத் தூவியவள் நான். என் இதயத்துக்கு உன்னிடம் பொய் சொல்லத் தெரியவில்லை.

இதயம் தானாகவே அடிக்கும், ஓய்வாக இருக்கும்போது நரம்பு அதைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். நாற்பது வருஷம் தைத்தவளுக்கு அது புரியாதா? ஓடுகிற சக்கரத்தின் மேல் உள்ளங்கையை லேசாக வைப்போமே, அதுதானே? அப்படி ஒரு கை, நாம் கேட்காமலே, ஒவ்வொருவருக்குள்ளும்! அன்றிலிருந்து சக்கரத்தைத் தொடும்போதெல்லாம் ஒரு நிமிஷம் கை நின்றுவிடுகிறது.

உன் பேச்சிலிருந்து பத்தொன்பதை எடுத்துவிடு தாயே. உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். யாராவது கேட்டால், கருவி சரியாகத்தான் சொன்னது, என் பாட்டிதான் தப்பாக எழுதினாள் என்று சொல். பன்னிரண்டு மதியமும் உண்மையில் என்ன செய்தேன் என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுவேன். மெஷின் போனால் போகட்டும்.

நீ நன்றாக இருப்பாய். மேடையில் நெஞ்சு படபடத்தால் பயப்படாதே. சக்கரத்தின் மேல் வைக்கிற மாதிரி என் உள்ளங்கை உன் மேல் இருக்கிறது என்று நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பாட்டி,
எண் பத்தொன்பது.